காஞ்சிச் சாலையும் சோலன் மலையும்

மது காய்ச்சும் புராதன நகரம் ஒன்றுக்கு வழிகாட்டியின் துணையோடு ஒரு நாள் பிரயாணம் போய், அங்குள்ள கொப்பரைகளையும் நிலவறைகளையும் சுற்றிப் பார்த்து மாலையில் வீடு திரும்புவது மேல்நாட்டாருக்குச் சாதாரணமான ஓர் உல்லாசம். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரமும் செக் தேசத்தின் பில்ஸன் நகரமும் இவ்வகையில் பிரசித்தி பெற்றவை. நம்மவர் இதைக் கேள்விப்பட்டால் முகம் சுளிப்பதும், நமக்கு முற்றிலும் அந்நியமான வழக்கம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவதும் இயல்பு. ஆனால் இருங்காட்டுக்கோட்டையையும் ஸ்ரீபெரும்புதூரையும் ஊடுருவி மேற்கே ஓடும் நெடுஞ்சாலை எந்தக் காஞ்சி மாநகரின் பக்கமாகப் போகிறதோ, அந்தக் காஞ்சிக்கு ஏழைப் பாணன் ஒருவனை வழிகாட்டி அனுப்பிய சங்க காலப் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வழியில் மது விளையும் வீடுகள் எவை, அங்கே அது எப்படி விளைகிறது என்பவற்றையும் சொல்லியே அனுப்பினார் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தத் தீர்ப்பைச் சற்று ஒத்திவைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

அவர் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்று வந்தவன், பெறாதவனுக்கு வழி சொல்லும் பாங்கில் அமைந்தது. எந்த ஊரில் தங்கலாம், யார் வீட்டில் என்ன ஆகாரம் கிடைக்கும் என்று நிலம் நிலமாகச் சொல்லிக்கொண்டு வரும் அந்நூல், வலைஞர் குடியிருப்பை அடைந்ததும் ஒரு பாக சாஸ்திரக் குறிப்பைப் போல நின்று நிதானித்துப் பேசுகிறது. தீட்டாத அரிசியைக் கூழாகக் காய்ச்சி, வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி ஆறவிட்டு, நெல் முளையின் மாவைக் கலந்து, பகலும் இரவுமாக இரண்டு நாள் வலுவான சாடிக்குள் வைத்திருந்து, நன்றாக விளைந்த பின் விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கும் அந்தப் பானம், சுட்ட மீனோடு விருந்தாளிக்குக் கிடைக்குமாம். அதன் பின் கடலோரப் பட்டினத்தின் பக்கம் வரும்போது, கள் சமைக்கும் பெண்கள் வட்டில் கழுவிய நீர் வழிந்து சேறாகி, அந்தச் சேற்றில் பன்றிகள் புரளும் காட்சியையும் புலவர் விட்டுவிடவில்லை. மதுச்சாலையின் கழிவு கால்நடைக்குப் போய்ச் சேருவது இன்றைக்கும் உலகெங்கும் நடைபெறும் காரியம். பர்ட்டனைச் சுற்றிய பண்ணைகளிலும் பிழிந்தெடுத்த தானியச் சக்கையை மாடுகளுக்கே போட்டார்கள்.

இந்தக் குறிப்பில் நாம் கவனிக்க வேண்டிய பொருள், அரிசியைக் காட்டிலும் அந்த முளைதான். பனையிலும் தென்னையிலும் இறங்கும் சாற்றில் சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால், அது தானாகவே புளித்துக் கள்ளாகிவிடும். தானியத்திலோ இருப்பது மாவுச்சத்து, அது சர்க்கரையாக மாறினாலன்றிப் புளிக்காது. அந்த மாற்றத்தைச் செய்யும் சக்தி, விதை முளைவிடும் தருணத்தில் அதற்குள்ளேயே உற்பத்தியாகிறது. பார்லியை நனைத்து முளைகட்டி, உலர்த்தி, இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, அந்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட் சேர்த்தால் அது பீர். கசப்புப் பூவை நீக்கிவிட்டுப் பார்த்தால், பர்ட்டன் நகரத்து ஆலைக்காரரும் காஞ்சி வழியில் இருந்த வலைஞர் வீட்டுப் பெண்ணும் ஒரே தத்துவத்தைத்தான் கையாண்டார்கள். 1889-இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றியபோது, நம் நாட்டுத் தானிய மதுவின் செய்முறையும் ஓலைச்சுவடியிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தது. ஆயினும் தொழிற்சரித்திரம் எழுதியவர்கள் எவரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

வீட்டுச் சாடியில் விளைந்த அந்தக் கலை பின்னர் மங்கிப்போயிற்று. கள்ளும் சாராயமும் குத்தகைக்கு விடப்பட்டு, 1886-ஆம் வருஷத்துச் சென்னை அப்காரிச் சட்டத்தின் கீழ்ச் சர்க்காரின் வருமானமாக ஒழுங்கு செய்யப்பட்ட காலத்தில், தமிழ்நாட்டில் மது என்றால் மரத்திலிருந்து இறங்குவது அல்லது வாலையில் வடிப்பது என்றாகிவிட்டது. தானிய மது மறுபடியும் நம் கரைக்கு வந்தபோது கப்பலில், பீப்பாய்களில், பிறநாட்டுப் பெயரோடு வந்தது.

லண்டனின் கிழக்கே போ என்னும் இடத்தில் 1752-இல் ஆலை தொடங்கிய ஜார்ஜ் ஹாட்ஜ்ஸன், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் புறப்படும் துறைக்கு அண்மையில் இருந்த ஒரே காரணத்தால், கப்பல் தலைவர்களுக்கு நீண்ட தவணையில் சரக்குக் கொடுத்து, சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய துறைமுகங்களின் பீர் வியாபாரத்தைத் தம் குடும்பத்தின் கையில் வைத்துக்கொண்டார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இருமுறை தாண்டி, ஐந்தாறு மாதம் வெப்பத்திலும் அலைச்சலிலும் கிடந்த பின்பும் கெடாதிருப்பதற்காக ஹாப்ஸை அதிகமாகச் சேர்த்துக் காய்ச்சிய வெளிர்நிற மது அது. 1820-களில் அந்தக் குடும்பத்தாரின் பேராசையால் கம்பெனி வட்டாரம் மனக்கசப்புற்றபோது, பர்ட்டன் நகரத்து ஆல்ஸாப் என்பவர் அதே மதுவைக் காய்ச்சத் தொடங்கினார். அந்நகரத்துக் கிணற்று நீரில் ஜிப்ஸம் கரைந்திருந்தமையால், லண்டன் தண்ணீரில் வாராத தெளிவும் கசப்பின் நயமும் அதற்கு வாய்த்தன. ஒரு சிற்றூர் உலகப் பிரசித்தி பெற்றதற்கு அதன் நிலத்தடி நீரும் நம் நாட்டு வெயிலும் காரணமாயின. இந்த உயர்ந்த சரக்கு அதிகாரிகளின் மேஜைக்கே பெரும்பாலும் போயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தது போர்ட்டர் என்னும் கறுத்த பீரும் உள்ளூர்ச் சாராயமுமே. அந்தச் சாராயத்தால் பட்டாளங்கள் நோயுற்று மெலிந்ததைக் கண்ட ராணுவ நிர்வாகம், அதற்குப் பதிலாக பீரைக் கொடுக்க விரும்பியபோது, கப்பல் கூலி மலைக்கவைத்தது. இங்கேயே காய்ச்சினால் என்ன என்ற யோசனை அப்படித்தான் பிறந்தது.

யோசனைக்குத் தடையாக நின்றது வெப்பம். காய்ச்சிய சாற்றைக் குளிர்விக்காமல் ஈஸ்ட் சேர்த்தால் அது வேறு கிருமிகளுக்கு விருந்தாகிப் புளித்து நாறிவிடும். சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸில் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்தார்கள் என்றால், குளிர்ச்சி அக்காலத்தில் எவ்வளவு அருமையான வஸ்து என்பது விளங்கும். அந்தக் கட்டடந்தான் பிற்காலத்தில் விவேகானந்தர் இல்லமாயிற்று. ஆகவே பீர் ஆலைகள் மலையேறின. பட்டாளமும் கோடையில் மலைக்கே போய்விட்டதால், சரக்கும் வாடிக்கைக்காரரும் ஓரிடத்தில் சேர்ந்தது வேறொரு சௌகரியம்.

இமயத்தின் அடிவாரத்தில், 1842-இல் ராணுவக் குடியிருப்பாக அமைந்த கசௌலியில், 1855-இல் எட்வர்ட் டையர் என்பவர் ஆலை நிறுவினார். மலை உச்சியில் ஊற்று நீர் போதாமற்போகவே, பீர் காய்ச்சும் தொழில் சற்றுத் தாழ்வில் நீர்வளம் மிகுந்த சோலனுக்கு இறங்கிவர, கசௌலி சாராயம் வடிப்பதோடு நின்றுகொண்டது. பர்ட்டனிலேயே மதுத்தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்த மீக்கின் என்பவர் பிற்பாடு வந்து சேர, இரண்டு பெயரும் இணைந்து டையர் மீக்கின் கம்பெனியாயிற்று. இந்தியாவில் பழமையான மதுவாலை ஊரைப் பார்க்க ஒரு நாள் பிரயாணம் போக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதைத்தான். 1903-இல் திறந்த கால்கா–சிம்லா சிறு ரயிலில் ஏறினால், தரம்பூரில் கசௌலிக்குப் பாதை பிரிகிறது. பரோக் சுரங்கத்தின் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட இருளைக் கடந்தால் சோலன் வருகிறது. சோலனை அடுத்து வரும் சிறிய நிலையத்துக்குச் 'சோலன் புரூவரி' என்றே பெயர். ஒரு மதுவாலையின் பெயரைத் தாங்கிய ரயில் நிலையத்தில் வண்டி நிற்பதும், பெயர்ப்பலகையைப் பார்த்து யாரும் முகம் சுளிக்காததும், நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு விநோதமாகத்தான் இருக்கும்.

அந்த ஆலையின் சரித்திரத்தில் ஓர் இருண்ட இழையும் ஓடுகிறது. எட்வர்ட் டையரின் மகனாக 1864-இல் மரீ என்னும் மலையூரில் பிறந்து, சிம்லாவில் படித்து, ராணுவத்தில் சேர்ந்த ரெஜினால்ட் டையர்தான், 1919 ஏப்ரல் 13-ஆம் தேதி அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாக்கில் நிராயுதபாணிகளான ஜனங்களின் மேல் சுடும்படி உத்தரவிட்டவர். ஆலையின் பெயர்ப்பலகையிலும் படுகொலையின் ஏட்டிலும் ஒரே குடும்பப் பெயர் நின்றது. சுதந்திரத்துக்குப் பின், 1949-இல், நரேந்திரநாத் மோகன் அந்தக் கம்பெனியை வாங்கினார். 1960-களில் டையர் என்ற பெயர் நீங்கி மோகன் மீக்கின் என்றாயிற்று. 1954-இல் அக்கம்பெனி வெளியிட்ட ஓல்டு மாங்க் ரம்மைப் பற்றி நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை, அறிந்தவர் பலர்.

தெற்கே இதே கதை நீலகிரியில் நடந்தது. 1857-இல் தொடங்கிய காஸில் புரூவரி அங்கே எழுந்தவற்றுள் மூத்தது. இலங்கையில், பின்னாளில் நைல் நதியின் மூலங்களைத் தேடிப் போய்ப் பெயரெடுத்த சாமுவேல் பேக்கர், 1840-களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறி விவசாயத்தோடு பீர் காய்ச்சவும் முயன்றார். 1881-இல் அவ்வூரில் நிலைத்த சிலோன் புரூவரியைச் சுற்றிய மலைகளில் தேயிலை பறித்தவர்கள் நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஏழைகளே. நீலகிரி ஆலைகளும் பெங்களூர் ஆலைகளுமாக ஐந்தை 1915-இல் ஒன்று திரட்டி யுனைடெட் புரூவரீஸ் என்று பெயரிட்டவர் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1947-இல் அதன் முதல் இந்திய டைரக்டராக விட்டல் மல்லையா அமர்ந்ததும், அடுத்த வருஷமே தலைவரானதும் யாவரும் அறிந்த செய்தி. இந்த ஐந்து ஆலைகளின் சேர்க்கையில் தலைமையிடம் மலையில் அமையாமல் பெங்களூரில் அமைந்ததே ஒரு யுகம் முடிந்ததற்கு அடையாளம். 1870-களில் ஜெர்மனியின் லிண்டே என்பவர் கண்ட குளிர்யந்திரம் ஆலைக்குள் வந்துவிட்ட பிறகு, குளிர்ச்சியைத் தேடி மலையேற வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. தண்ணீரும் சாலையும் இருந்தால் சமவெளியே போதும்.

சமவெளியிலோ யந்திரத்தால் தீராத ஒரு பிரச்னை காத்திருந்தது. ராஜாஜி 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் இழந்த வருமானத்தை ஈடுகட்டவே 1939-இல் விற்பனை வரி பிறந்தது. இன்று எந்தக் கடையில் எதை வாங்கினாலும் நாம் வரி செலுத்தும் பழக்கத்துக்கு மூலம், அன்று மூடிய கள்ளுக்கடைதான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கக்கூடும். 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு, 1971-இல் தளர்வு, 1974-இல் மீண்டும் தடை, 1981-இல் மறுபடியும் தளர்வு, 1983-இல் டாஸ்மாக், 2003-இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு. ஆலை எங்கே எழ வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைப் பர்ட்டனில் கிணறும் சோலனில் குளிரும் தீர்மானித்தன. இங்கே தீர்மானித்தது கோட்டை.

சட்டம் தளர்ந்த காலத்தில் மது ஆலைகள் எழுந்த இடங்களுள் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் ஒன்று. இருங்காட்டுக்கோட்டைக்கு அருகே மேவளூர்க்குப்பத்தில் ஒன்று வந்தது. அதன் பிறகு இங்கே வேறு உலகம் வந்து இறங்கியது. 1990-இல் மோட்டார் பந்தயத் தளம், 1996-இல் அஸ்திவாரமிட்டு 1998-இல் ஸாண்ட்ரோ காரை வெளியிட்ட ஹூண்டாய் ஆலை, அதைத் தொடர்ந்து ஒரகடம் வரை பரந்த தொழிற்பேட்டைகள் என்று, ராமாநுஜர் அவதரித்த க்ஷேத்திரத்தின் பெயர் தொழில் உலகத்தின் வாயில் புழங்கலாயிற்று. இப்பகுதிக்கு மாணவர்களைப் பஸ்ஸில் ஏற்றிவந்து ஆலைகளைக் காட்டும் ஆசிரியர்கள், கார் எப்படி உருவாகிறது என்பதைக் காட்டுகிறார்கள், நல்ல காரியந்தான். ஆனால் தொழில் என்பது இச்சாலைக்கு 1990-களில் வந்த புதுமை என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் திரும்புவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் மது அருந்துவதை ஆதரிக்கிறவனல்லன்; அதனால் நாசமான குடும்பங்களைப் பற்றி ராஜாஜியும் பிறரும் சொன்னவற்றில் எனக்குப் பூர்ண சம்மதம். ஆயினும் ஒரு பொருளைக் குடிப்பது வேறு, அதைச் செய்த கைகளின் சரித்திரத்தை அறிவது வேறு. மதுவை நாம் ஒரு தரம் பாவமாகவும் மறுதரம் வருமானமாகவும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். அது ஒரு தொழில் என்று பார்க்கவே இல்லை. அதனாலேயே, கசௌலிக்கும் சோலனுக்கும் ரயிலேறிப் போகிற தமிழருக்கு நீலகிரியில் 1857-இலேயே ஓர் ஆலை இருந்தது தெரியவில்லை. அங்கே பார்லி சுமந்தவர் யார், பீப்பாய் கட்டியவர் யார், அவர்களுக்கு என்ன கூலி என்று கேட்பாரும் இல்லை. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அப்காரித் துறையின் பழைய கோப்புகள் இருக்கின்றன. தொழிற்சரித்திரம் படிக்கும் இளைஞர்கள் சிலராவது அவற்றைப் பிரித்துப் படிக்க முன்வர வேண்டும். நீலகிரியில் பழைய ஆலைத் தொழிலாளிகளின் சந்ததியார் கையில் கணக்குப் புஸ்தகமோ புகைப்படமோ இருந்தால், அதை எடைக்குப் போட்டுவிடாமல் அந்த இளைஞர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.