பொதுவீடும் பூட்டும்

ஆங்கில நாவல்களைப் படிக்கையில் நாம் அடிக்கடி நுழைந்து வெளிவருகிற இடம் ‘பப்’. கணப்படுப்பு, பழைய மர இருக்கைகள், வாசலில் சிங்கமோ மணியோ தீட்டிய பலகை. ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கமே அது. பொதுவீடு என்று கொள்ளலாம். அந்த அழகுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. மது விற்கும் வீடுகள் பலகை தொங்கவிட வேண்டுமென 1393-இல் இரண்டாம் ரிச்சர்டு ஆணையிட்டான். முதல் உலகப்போரின்போது திறக்கும் நேரம் குறுக்கப்பட்டது; பிற்பகல் அடைப்பு 1988 வரை நீடித்தது. இப்படி நெறிப்படுத்தப்பட்டே பப் மரபாயிற்று.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் கதை வேறு. அருகிலுள்ள தருமபுரிதான் அதியமானின் தகடூர். அவனை இழந்த ஔவை, புறநானூற்றின் 235-ஆம் பாடலில் முதலில் நினைவுகூர்வது அவன் கள்ளைப் பகிர்ந்த பண்பைத்தான்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, மதுவிலக்குக்கென்றே 1929-இல் ‘விமோசனம்’ இதழைத் தொடங்கினார். கல்கி அதன் துணையாசிரியர். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி பிறந்தது. கூலி வீடு சேருமுன் கள்ளுக்கடையில் கரைந்துபோன குடும்பங்களை எண்ணிப் போட்ட பூட்டு அது. அந்த நியாயத்தை எளிதில் தள்ளிவிட இயலாது.

1971-இல் பூட்டு திறந்தது, 1974-க்குள் மீண்டும் விழுந்தது, 1981-இல் திறந்தது. 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம்.

ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. அதற்கப்பால், 1980-களிலிருந்தே பப்களுக்குப் பெயர்பெற்ற பெங்களூரு. இப்பக்கமோ, ஷிப்ட் முடிந்து வரும் ஆலைத் தொழிலாளி கம்பிவலைக்குள் கைநீட்டிக் குப்பியை வாங்குகிறான். மூடுவதா, திறப்பதா, வருவாய் எவ்வளவு என்றே முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாதிட்டு வருகிறோம். யாரோடு அருந்துவது, எங்கே நிறுத்துவது என்ற கேள்விகள் அவ்வாதத்தில் இடம்பெறவேயில்லை. ஔவை அறிந்திருந்த அந்தப் பகிர்தலை நாம் பூட்டிய நாளிலும் நினைக்கவில்லை. திறந்த நாளிலும் நினைக்கவில்லை.