ஜன்னலுக்கு வெளியே சுவர்

மொட்டை மாடி அறையில் எட்டு வருஷம் குடியிருந்தவன் நான். சென்னையில், சித்திரையில், ராத்திரி பதினொரு மணிக்கும் தளம் கொதிக்கும். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணி ஊற்றிவிட்டுத்தான் படுப்பேன். அப்படித் தூக்கம் வராத ஒரு ராத்திரியில்தான் ஜே ஸ்வேஸியைப் பற்றிப் படித்தேன்.

டெக்சாஸில் பிளெய்ன்வியூ என்ற சின்ன ஊரில் வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். 1961 ஜூலையில் பெர்லின் நெருக்கடி பற்றிப் பேசிய கென்னடி, அணுகுண்டுக்குப் பதுங்கறைகள் தயாராக இருக்கணும் என்றார். ஊர் ஊராகக் குழி தோண்டும் பேச்சு. ஸ்வேஸிக்கு மட்டும் கணக்கு உதைத்தது. குண்டு விழாமலே போனால்? என்றைக்கோ ஒளிந்துகொள்ளும் பொந்தில் காசைக் கொட்டுவதைவிட, தினம் குடியிருக்கிற வீட்டையே கீழே இறக்கிவிட்டால் என்ன? பூமிக்குள் ஒரு கான்கிரீட் கூடு. அதற்குள் சாதாரண வீடு. குடும்பத்தோடு போய்க் குடியேறியும் விட்டார்.

பயத்தில் பிறந்த வீடுதான். ஆனால் அவர் விற்றது பயத்தை அல்ல, சௌகரியத்தை. மேற்கு டெக்சாஸின் புழுதி உள்ளே வராது, சூறாவளி தொடாது, தெருச் சத்தம் கேட்காது. முக்கியமானது சூடு. பகல் வெயில் மண்ணில் ஓரிரு அடிக்குமேல் இறங்குவதில்லை. பத்துப் பதினைந்து அடியில் அந்த ஊரின் வருஷச் சராசரியை ஒட்டியே மண் நிற்கும். (உடனே சென்னைக்குக் கணக்குப் போட்டேன். நம்ம சராசரியே 28 டிகிரிக்கு மேல். புழுக்கம் வேறு. போதாக்குறைக்கு ஐப்பசியில் ஊற்றெடுக்கும். ஆசை அங்கேயே செத்தது.)

1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் அப்படியொரு வீட்டைப் புதைத்து, ஒரு டாலர் டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். ஜன்னல்கள் இருந்தன, திரையை விலக்கினால் கான்கிரீட் சுவரில் தீட்டிய இயற்கைக் காட்சி. எனக்கு மூச்சு முட்டியது இந்த இடத்தில்தான்.

ஏவான் அழகுப்பொருள் நிறுவனத்தில் பணம் சேர்த்த ஜிரார்ட் ஹெண்டர்சன் இன்னும் துணிந்தவர். 1978-இல் லாஸ் வேகாஸில் 26 அடி ஆழத்தில் வீடு. நீச்சல் குளம், போலி மரங்கள், விளக்கைத் திருகினால் பகல், அந்தி, இரவு.

அந்தப் படங்களை அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “துணியை எங்கடா காயப்போடுவாங்க?” என்றாள்.