புதுச்சேரியின் பெரிய வாய்க்கால்: கலந்துவிட்ட இரு நீர்கள்

புதுச்சேரியின் நேரான வீதிகளுக்கு வித்திட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஊரைக் கைப்பற்றிய அவர்கள், 1699இல் அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் வீதிகளைக் கட்டம் கட்டமாக வகுத்தனர். 1761இல் ஆங்கிலேயப் படை நகரைத் தரைமட்டமாக்கிய பின்னரும், பழைய வீதி அமைப்பின் மீதே புதிய நகரம் எழுந்தது. கிழக்கே ஐரோப்பியர், மேற்கே தமிழர். இடையே வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால். தமிழர் பகுதியின் தென்புறத்தில், காஜியார் வீதி, முல்லா வீதி, குத்பா பள்ளிவாசல் ஆகியவற்றைச் சூழ்ந்து முஸ்லிம்கள் வாழ்ந்து வந்தனர்.

வெள்ளையரையும் தமிழரையும் பிரித்த கோடாகவே இவ்வாய்க்காலை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மழைநீரை வடித்துக் கடலில் சேர்ப்பதும் அதன் பணியாக இருந்தது. தாழ்வான, சரிவு குறைந்த கடற்கரை நகருக்கு அப்பணி உயிர்நாடியாகும்.

முத்திரையர்பாளையத்திலிருந்து நல்ல நீர் நகருக்குள் வந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஆயி மண்டபம் எழுப்பப்பட்டது. நல்ல நீரின் வருகையைக் கொண்டாடிய நகரம், கெட்ட நீரின் வெளியேற்றத்துக்கு அதே அளவு கவனம் தரவில்லை. மக்கள்தொகை பெருகப் பெருக, வீட்டுக் கழிவுநீர் மழைநீர் வாய்க்கால்களில் கலந்தது. பின்னாளில் பாதாளச் சாக்கடை வந்தபோது, மழைநீர் அதற்குள் புகுந்தது.

தீங்கு விளைவது இக்கலப்பினால்தான். பாதாளச் சாக்கடைக் குழாய்கள் வீட்டுக் கழிவுநீரின் அளவைக் கணக்கிட்டுப் பதிக்கப்படுபவை. மாடியில் விழும் மழையும் அதில் இறங்கினால் குழாய் நிரம்பி, ஆள்நுழைவுத் துளைகள் வழியே கழிவு தெருவுக்கு வரும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. நகரின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. அதே ஆண்டு ஜூன் 11 அன்று, ரெட்டியார்பாளையம் புதுநகரில், சாக்கடையிலிருந்து கழிவறை வழியே வீட்டுக்குள் வந்த நச்சு வாயு மூன்று உயிர்களைப் பறித்தது. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

தீர்வின் ஒரு பாதி நம் மண்ணிலேயே உள்ளது. மழையை விழுந்த இடத்தருகே தேக்கினால் அது குழாயைத் தேடி ஓடாது. ஊசுடு, பாகூர், வேல்ராம்பட்டு, கனகன் ஏரி ஆகியன இத்தகைய தேக்கிடங்களே. 1999 முதல் 2008 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் நடந்த திட்டத்தில், புதுச்சேரியின் 84 ஏரிகள் சீரமைக்கப்பட்டன. அருகிலுள்ள ஆரோவில்லில், நாணல் வகைச் செடிகளின் வேர்களிடையே கழிவுநீரைச் செலுத்தித் தூய்மைப்படுத்தும் முறை நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது.

மறுபாதி, குழாய்க்குள் நடப்பதை அறிவது. அமெரிக்காவின் சவுத் பெண்ட் நகரம் 2008இல் சாக்கடைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட உணரிகளைப் பொருத்தியது. நீர்மட்டம் எங்கு உயர்கிறது, அடைப்பு எங்கே என்பது உடனுக்குடன் தெரிந்ததால், மழையில்லா நாட்களின் வழிதல்கள் ஏறத்தாழ முற்றிலும் நின்றன. தெருவில் கழிவு வந்தபின் ஆளனுப்பும் வழக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

அரசு செய்ய வேண்டியது இவ்வளவு. நம் கையில் இருப்பதும் சிறிதன்று. மாடி மழைநீர்க் குழாயைச் சாக்கடையிலிருந்து பிரித்து மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் விடலாம். பள்ளிவாசல்களில் உளூச் செய்த நீரைத் தோட்டத்துக்குத் திருப்பலாம். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானிக் கழிவுகள் வாய்க்காலில் விழாதபடி ஜமாஅத்துகள் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் கற்றோம். நம் வீட்டுக் கழிவு அடுத்தவர் வாசலில் தொல்லையாகப் போய் நில்லாமல் காப்பதும் அப்பாடத்தில் அடங்கும்.