மானெக்‌ஷா, சாம்

சாம் ஹோர்முஸ்ஜி ஃபிராம்ஜி ஜாம்ஷெட்ஜி மானெக்‌ஷா (3 ஏப்ரல் 1914 – 27 ஜூன் 2008), இந்தியத் தரைப்படையில் ஃபீல்டு மார்ஷல் என்னும் மிக உயர்ந்த பதவியை முதன்முதலில் பெற்ற தளபதி ஆவார். ஐந்து நட்சத்திரத் தகுதியுடைய இப்பதவியை வகிப்பவர் பணி ஓய்வுக்குப் பின்னும் அதை வாழ்நாள் முழுவதும் தாங்குவார்.

அமிர்தசரஸில் பார்சிக் குடும்பத்தில் பிறந்த இவர், டேராடூன் இராணுவக் கழகத்தின் முதல் அணியில் பயின்றார். 1942 பிப்ரவரியில் பர்மாவின் சித்தாங் ஆற்றருகே ஜப்பானியருடன் நடந்த போரில் வயிற்றில் குண்டுகள் பாய்ந்து உயிருக்குப் போராடிய இவரை, ஏவலராக இருந்த ஷேர் சிங் என்ற சீக்கிய வீரர் மருத்துவரிடம் கொண்டுசேர்த்தார்; பிழைக்கமாட்டார் எனக் கருதிய படைப்பிரிவுத் தளபதி, இறந்தோருக்கு அக்காலத்தில் மிலிட்டரி கிராஸ் விருது வழங்கப்படாது என்பதால், தமது விருது நாடாவையே கழற்றி இவருக்கு அணிவித்தார்.

1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த இவர், மழைக்காலம் கழியும்வரை படையெடுப்பைத் தள்ளிவைக்கவேண்டும் எனப் பிரதமர் இந்திரா காந்தியிடம் துணிந்து வலியுறுத்தினார். டிசம்பரில் பதின்மூன்று நாள்களில் போர் முடிந்து, சுமார் 93,000 பாகிஸ்தானியர் சரணடைந்தனர்.

1939இல் மணந்த சில்லூ போடேயுடனும் இரு மகள்களுடனும் பல பாசறைகளில் வாழ்ந்த இவர், முன்பு வெலிங்டன் இராணுவப் பணியாளர் கல்லூரியின் தலைவராகப் பணியாற்றியபோது பழகிய நீலகிரியையே ஓய்வுக்காலத்துக்குத் தேர்ந்து, குன்னூரில் தோட்டத்துடன் கூடிய ‘ஸ்தாவ்கா’ என்னும் வீட்டில் குடும்பத்துடன் வாழ்ந்தார். 2001இல் காலமான மனைவியின் கல்லறைக்கு அருகிலேயே, உதகமண்டலம் பார்சிக் கல்லறைத் தோட்டத்தில் இவரும் அடக்கம் செய்யப்பட்டார். பத்ம பூஷண் (1968), பத்ம விபூஷண் (1972) ஆகிய விருதுகளைப் பெற்ற இவரது பெயரை டெல்லியிலுள்ள மானெக்‌ஷா மையம் தாங்கியுள்ளது.