இரண்டு பைசாவும் ஒரு துப்பாக்கிச் சூடும்: திண்டுக்கல் சீமையின் மின்சாரக் கதை

திண்டுக்கல்லில் இருந்து மதுரை போகும் வழியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சின்னாளப்பட்டி. சுங்குடிச் சேலைக்கும் செயற்கைப் பட்டுக்கும் பெயர் போன நெசவு ஊர். 2023 மார்ச்சில் தமிழக அரசு கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம் என்று உயர்த்தியபோது இந்த ஊர்த் தறிவீடுகளுக்கும் அது பொருந்தியது. ஊரைத் தாண்டிச் சிறுமலை அடிவாரத் தோட்டங்களுக்குப் போனால் அங்கே கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் பில்லே கிடையாது.

"எல்லாம் இலவசம், ஓட்டுக்காகக் கொடுத்தது" என்று ஒரே வரியில் முடித்து விடுபவர்கள் நிறையப் பேர். அந்த வரி பாதி உண்மைதான். மீதிப் பாதி 1970இல் ஆரம்பிக்கிறது.

திண்டுக்கல், பழனி, வேடசந்தூர், கோவை, ஈரோடு பகுதிகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. தஞ்சாவூர் மாதிரி ஆற்றுப் பாசனம் அங்கே அதிகம் கிடையாது. மழை குறைவு, கீழே பாறை. விவசாயம் என்றால் கிணறு. ஒரு காலத்தில் மாடு பூட்டிக் கமலை இறைத்தார்கள். 1950களுக்குப் பிறகு கிராமம் கிராமமாக மின்கம்பம் வந்தது. (மாநில மின்சார வாரியம் 1957 ஜூலை 1இல் தொடங்கப்பட்டது.) கமலை போய் பம்புசெட் வந்தது. கடன் வாங்கிக் கிணறு வெட்டி, கடன் வாங்கி மோட்டார் போட்டு, அப்புறம் தண்ணீர் இறங்க இறங்கக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்த வேண்டியிருந்தது.

இங்கேதான் விவசாயிகளின் முக்கியமான வாதம் வருகிறது. அணையும் கால்வாயும் அரசு செலவில் கட்டப்படுகின்றன. கால்வாய்ப் பாசனக்காரர் கட்டுவது சொற்பமான தண்ணீர்த் தீர்வை. கிணற்றுப் பாசனக்காரரோ கிணறு, மோட்டார், கரண்ட் மூன்றுக்கும் தானே செலவழிக்க வேண்டும். விளைபொருளுக்கு இரண்டு பேருக்கும் ஒரே சந்தை விலைதான். இது என்ன நியாயம்? இந்தக் கேள்விக்கு அன்றைக்கு அரசாங்கத்திடம் நேரான பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

1970இல் விவசாய மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவில் இருந்து 10 பைசாவாக உயர்ந்தது. இரண்டு பைசாவுக்கா இவ்வளவு கலாட்டா என்று இப்போது தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 30 யூனிட். 8 பைசா என்றால் 2 ரூபாய் 40 காசு. 10 பைசா என்றால் 3 ரூபாய். மாதத்துக்கு 18 ரூபாய் கூடுதல், அதுவும் 1970இல்! பயிர் கருகினாலும் விளைந்தாலும் பில் மட்டும் தவறாமல் வரும்.

கோவை மாவட்டத்தில் கிளர்ச்சி வெடித்தது. முன்னின்றவர் வையம்பாளையத்துச் சி. நாராயணசாமி நாயுடு. 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். அதன் பிறகு அரசு ஒரு பைசா குறைத்தது. ஒரு பைசா!

1972இல் கட்டணம் மறுபடி ஏறியபோது விவசாயிகள் எடுத்த ஆயுதம் விநோதமானது. மாட்டு வண்டி. ஆயிரக்கணக்கான வண்டிகளைக் கோவை நகரத்துக்குள் ஓட்டிவந்து முக்கியச் சாலைகளில் நிறுத்தி விட்டார்கள். பாலும் காய்கறியும் நகரத்துக்கு வருவது நின்றது. அந்தப் போராட்டத்தின் உச்சத்தில், 1972 ஜூலை 5 அன்று, மாநிலத்தின் பல இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது தி.மு.க.

கட்சியைப் பார்த்துக் குறை சொல்லி விடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 1977இல் எம்.ஜி.ஆர். முதல்வரானார். மின்கட்டணத்தைக் குறை, கடனைத் தள்ளுபடி செய் என்ற அதே கோரிக்கைகள், அதே பதில். 1978 ஏப்ரலில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது இந்தத் திண்டுக்கல் சீமையில், வேடசந்தூரில். (திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985இல்தான். அன்றைக்கு இதெல்லாம் மதுரை மாவட்டம்.) சின்னாளப்பட்டி திண்டுக்கல்லுக்குத் தெற்கே, வேடசந்தூர் வடக்கே. இரண்டுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான் இருக்கும்.

மின்கட்டணம் எவ்வளவு என்று முடிவு செய்ய ஒரு சட்டம் இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் விவசாயி வாய் திறக்க இடம் இல்லை. வாரியம் நிர்ணயிக்கும், அரசு ஒப்புக்கொள்ளும், லைன்மேன் பியூஸைப் பிடுங்குவார். விவசாயி தெருவுக்கு வந்த உடனே மட்டும் வேறு சட்டங்கள் வரிசையாக எழுந்து நிற்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144. ஊர்வலத்துக்கு அனுமதி வாங்கச் சொல்லும் 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 30(2). சிப்பாய்க் கலகத்துக்கு நாலு வருஷம் கழித்து வெள்ளைக்காரன் எழுதிய சட்டம், சுதந்திர இந்தியாவின் விவசாயியை மறிக்கப் பயன்பட்டது. பாக்கிக்கு ஜப்தி செய்ய 1864ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டம் இருந்தது.

இத்தனைக்கும், மாட்டு வண்டிகள் கோவையை மறித்த அதே 1972இல்தான் உச்ச நீதிமன்றம் ஹிமத்லால் ஷா வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. பொதுச் சாலையில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் காவல்துறை தன் இஷ்டப்படி அடியோடு மறுக்க முடியாது என்பது அதன் சாரம். அகமதாபாத்தில் பிறந்த வழக்கு. தீர்ப்பு தாளில் இருந்தது, வேடசந்தூர் வரைக்கும் வந்து சேரவில்லை.

1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. அதே ஆண்டு டிசம்பர் 21இல், தேர்தல் பிரசாரத்துக்குப் போன இடத்தில், கோவில்பட்டியில் நாராயணசாமி நாயுடு இறந்து போனார். 1989இல் மறுபடி ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு இலவசத்தை எல்லா விவசாயிகளுக்கும் விரித்தது. பெருமாநல்லூரும் வேடசந்தூரும் இல்லாமல் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றே தோன்றுகிறது. இரண்டு கட்சிகளும் சுட்டன, இரண்டு கட்சிகளும் கொடுத்தன.

ஆனால் கொடுத்த விதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. இலவச மின்சாரம் ஒரு உரிமையாகச் சட்டத்தில் எழுதப்படவே இல்லை. அது அரசின் முடிவு, அவ்வளவுதான். அரசு நினைத்தால் எடுத்தும் விடலாம். 2003இல் எடுத்தார்கள்.

அந்த ஆண்டு ஜெயலலிதா அரசு பம்புசெட்டுக்கு மீண்டும் கட்டணம் கொண்டுவந்தது. அதே 2003 ஜூலையில் அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம். எஸ்மா என்று எல்லோரும் சொல்லும் அத்தியாவசியப் பணிகள் சட்டம் 2002இலேயே வந்திருந்தது. அதை அவசரச் சட்டத்தால் கடுமையாக்கி, ஏறக்குறைய 1,70,000 பேரை ஒரே மூச்சில் டிஸ்மிஸ் செய்தார்கள். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியோ தார்மீகப்படியோ உரிமை கிடையாது என்றே சொல்லிவிட்டது. பெரும்பாலானவர்கள் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் வேலைக்குத் திரும்ப முடிந்தது.

கரண்ட் விஷயமும் போராட்ட விஷயமும் ஒரே நாளில் தீர்ந்ததுதான் வேடிக்கை. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களிலும் அ.தி.மு.க. கூட்டணி தோற்றது. முடிவு வந்த சில நாட்களில், மே 18 அன்று, இலவச மின்சாரம் திரும்பி வந்தது, ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளும் வாபஸ் ஆயின. நீதிமன்றம் தராததை ஓட்டுப்பெட்டி தந்தது என்று அன்றைக்குப் பேசிக்கொண்டார்கள்.

இந்தப் பாடம் நெசவாளர் பக்கமும் பலித்தது. சின்னாளப்பட்டிக்காரரின் கஷ்டம் வேறு மாதிரி. கைத்தறி ஓட மின்சாரம் வேண்டாம், ஆனால் குழித்தறியில் இறங்கி உட்கார்ந்து இழையைப் பார்த்து நெய்ய வெளிச்சம் வேண்டும். தறியும் வீடும் ஒன்றாக இருப்பதால் தொழில் செலவும் வீட்டுச் செலவும் ஒரே பில்லில் வரும். இன்னொரு பக்கம் விசைத்தறி மலிவாக நெய்து தள்ளுகிறது. சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985இல் மத்திய அரசு சட்டம் போட்டது. விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட, 1993இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. மூன்றே வருஷத்தில் ஒதுக்கிய ரகங்கள் 22இல் இருந்து 11ஆகக் குறைந்தன. கேட்டு வாங்கிய சட்டம் கையில் பாதிதான் மிஞ்சியது.

மின்சாரத்தில் கொஞ்சம் பரவாயில்லை. 2006இல் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட், விசைத்தறிக்கு 500 யூனிட் இலவசம் ஆனது. 2016இல் 200, 750. 2023இல் 300, 1,000. ஒவ்வொரு உயர்வும் தேர்தல் வாக்குறுதியில் தொடங்கி அரசாணையில் முடிந்தது. விவசாயியின் கதைதான், ரத்தம் மட்டும் இல்லை.

இதற்கிடையே மத்திய அரசின் 2003 மின்சாரச் சட்டம் விளையாட்டையே மாற்றிவிட்டது. கட்டணத்தை இப்போது வாரியம் நிர்ணயிக்க முடியாது, ஒழுங்குமுறை ஆணையம்தான் நிர்ணயிக்க வேண்டும். பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே உத்தரவு போட வேண்டும் என்கிறது 64ஆவது பிரிவு. 1970இல் இல்லாத வாய் இது. 2022 ஆகஸ்டில் கட்டண உயர்வுக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்கள் கோவை, மதுரை, சென்னையில் நடந்தன. விவசாயி, சிறு தொழில்காரர், சாதாரண நுகர்வோர் என்று யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்துப் பேசலாம். பேசினார்கள். செப்டம்பர் 10 முதல் கட்டணம் உயரத்தான் செய்தது!

65ஆவது பிரிவு இன்னும் முக்கியம். யாருக்காவது சலுகை கொடுப்பதென்றால் அந்தப் பணத்தை மாநில அரசு மின் நிறுவனத்துக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆக, திண்டுக்கல் விவசாயியின் இலவசக் கரண்ட் ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட்டில் ஒரு மானிய வரியாக நிற்கிறது. 2020 ஏப்ரலில் வந்த மின்சாரத் திருத்த மசோதா வரைவு, அந்த மானியத்தை நேரடியாக விவசாயிக்கே பணமாகக் கொடுக்கலாம் என்றது. அதாவது முதலில் பில் வரும், பணம் பின்னால் வரும். பில்லைக் கட்ட முடியாமல் பியூஸ் பிடுங்கப்பட்ட காலத்தை மறக்காதவர்களுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும்? எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோதே பிரதமருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். டெல்லி எல்லையில் 2020, 2021இல் உட்கார்ந்த விவசாயிகளின் கோரிக்கைகளிலும் இந்த மசோதா இருந்தது.

விவசாயிகள் சொல்லாமல் விடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். பில் இல்லாத மோட்டார் எந்நேரமும் ஓடும். கிணறு போய் போர் வந்தது, போரும் ஆயிரம் அடியைத் தொடுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் பல பகுதிகள் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை என்று அரசின் கணக்கே சொல்கிறது. மீட்டர் இல்லாததால் எத்தனை யூனிட் ஓடுகிறது என்பதும் மதிப்பீடுதான். சரி, மீட்டர் மாட்டலாம் என்றால் ஊரில் உடனே கேட்பார்கள்: இன்றைக்கு மீட்டர், நாளைக்கு பில்லா?

அந்தச் சந்தேகம் 2003இல் ஒருமுறை உண்மையானது. பெருமாநல்லூர் நினைவிடத்தில் விவசாய சங்கத்தினர் கூடி அஞ்சலி செலுத்தும்போது இந்தப் பேச்சும் தவறாமல் வருகிறது.