அவரைச் சாலும் சாண எருவும்: மானாவாரிக் கூட்டுப்பயிர் ஆய்வுக்குள் வந்த வரலாறு

1800ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடக் கடற்கரை, மலபார் எனச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், வழிநெடுக உழவு முறைகளைக் குறித்துக்கொண்டே போனார். 1807இல் மூன்று தொகுதிகளாக அச்சேறிய அக்குறிப்புகளில் மைசூர் மேட்டுநிலத்துக் கேழ்வரகு வயல்கள் விரிவாகப் பேசப்படுகின்றன. நிலத்துக்குச் சாண எரு. கேழ்வரகு வரிசைகளுக்கு ஊடே ஒரு சால் அவரை அல்லது துவரை. கன்னட நாட்டில் இன்றும் இது ‘அக்கடிச் சால்’ என்றே வழங்குகிறது. எருவையும் ஊடுபயிரையும் உழவர் தனித்தனி உத்திகளாகக் கருதவில்லை என்பதே அந்தப் பதிவில் நாம் முதலில் கவனிக்க வேண்டியது.

பயறு வகைகளின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றின் தழைச்சத்தைப் பிடிக்கின்றன என்பதை வேளாண் வேதியியலாளர் ஹெல்ரீகல் ஜெர்மனியில் 1886இல் அறிவித்தார். மூன்றே ஆண்டுகளில் இந்தியா வந்த வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில் இந்திய உழவரின் கலப்புப் பயிர் முறையை மதித்து எழுதினார். விறகுப் பஞ்சத்தால் சாணம் வரட்டியாகி அடுப்பில் எரிவதைக் கண்டு, விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நிலத்தின் வளத்தை ஊரின் அடுப்போடு சேர்த்துப் பார்த்த அந்தப் பார்வை, பின்வந்த ஆய்வுகள் பலவற்றில் இல்லை.

ஆய்வு இரண்டு தடங்களில் பிரிந்து நடந்தது. கோவையில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை, தொழுஉரத்தையும் ரசாயன உரங்களையும் ஆண்டுக்காண்டு ஒப்பிட்டது. தொழுஉரமிட்டு விளைந்த சிறுதானியம் ஊட்டத்திலும் மேம்பட்டது என்று ஆய்வாளர்கள் மெக்காரிசனும் விசுவநாத்தும் 1926இல் எழுதினர். மறு தடம் ஊடுபயிர் ஆய்வு; அது ஐதராபாத் அருகே பட்டான்செருவில் 1972இல் நிறுவப்பட்ட பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட்டில் நடந்தது. சோளத்தோடு துவரையை விதைத்தால் சோளம் நூறு நாள் அளவில் அறுவடையாகிவிடும். அதுவரை மெல்ல வளரும் துவரை, பிறகு ஆழத்து ஈரத்தைக் கொண்டு காய்க்கும். ஒரு ஹெக்டேர் கூட்டுப்பயிரின் விளைச்சலைத் தனிப்பயிராக எடுக்க எவ்வளவு நிலம் வேண்டும் என்று கணக்கிடும் ‘நிலச்சமான விகிதம்’ வழியாக, அங்கிருந்த ஆய்வாளர் வில்லி முதலியோர் கூட்டுப்பயிரின் ஆதாயத்தை எண்ணில் காட்டினர். செம்மண்ணில் இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தைத் துவரையின் வேர்க்கசிவு விடுவிக்கிறது என்பது 1990இல் வெளிவந்தது. செம்மண் கேழ்வரகு வயலில் துவரைச் சாலுக்கு இடம் கொடுத்தவர்களின் தேர்வுக்கு இது வலுவான சான்று.

ஆனால் விடுவிப்பது வேறு, உண்டாக்குவது வேறு. மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் எந்தப் பயறும் காற்றிலிருந்து கொண்டுவராது. பிடித்த தழைச்சத்திலும் பெரும்பங்கு பருப்பாகச் சந்தைக்குப் போய்விடுகிறது. வெளியேறும் சத்தை மேய்ச்சல் நிலத்திலிருந்து வயலுக்குத் திருப்பியவை மாட்டுத்தொழுவமும் ஆட்டுக்கிடையும். அந்த எருவால் கரிமச்சத்து கூடினால்தான் மழைநீரும் மண்ணில் தங்கும். மழையை மட்டுமே நம்பும் நிலத்தில் அதுவே பாதி விளைச்சல். மேய்ச்சல் புறம்போக்கு சுருங்கி, உழவு மாட்டின் இடத்தை டிராக்டர் பிடித்த ஊர்களில் வெளியேறும் சத்தை ஈடுசெய்யும் சுமையை ஊடுபயிர் மட்டும் தாங்காது.

மானாவாரிக் கூட்டுப்பயிருக்குப் பரிந்துரை எழுதுவோர், விதையளவுக்குப் பக்கத்திலேயே அந்த வயலுக்கு எரு எங்கிருந்து வரும் என்பதையும் எழுத வேண்டும்.