புது புரொசசர் வந்தால் பழைய லெப்டொப் செத்துவிடுமா? முப்பது வருட வரலாறு சொல்வது என்ன?

கொட்டாஞ்சேனை உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைக்கு லெப்டொப் வாங்கும் யோசனை உள்ள வீடுகளில் ஆறுதலாக வாசியுங்கள்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அதிலிருந்து ஆசிரியர்களாகிய எங்களிடம் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான். "சேர், இருக்கிற லெப்டொப்ப குடுத்துட்டுப் புதுசு எடுக்கிறதா, இல்லாட்டி இன்னும் கொஞ்ச நாள் பாக்கிறதா?" கடைக்குப் போனால் ஒருவர் இன்டெல் நல்லது என்கிறார், அடுத்தவர் ஏஎம்டி என்கிறார். இப்போது ஸ்நப்டிராகன் என்றும் ஒன்று வந்திருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அப்பிள்தான் வேண்டும் என்று நிற்கிறது. நம்மில் பலருக்கு அந்தப் பணம் சீட்டுக் காசு, அல்லது உம்மாவின் காப்பு அடகுக்குப் போய் வந்த காசு. ஆகவே கடைக்காரர் சொல்வதைக் கேட்பதற்கு முன், உலகத்தில் இதே கேள்விக்கு முன்னால் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். புரொசசர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழி உண்டு. அந்த மொழியில் எழுதிய புரோகிராம்தான் அதற்கு விளங்கும். வேறு மொழி பேசும் புரொசசருக்கு மாறினால், பழைய புரோகிராமுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. சிங்களம் தெரியாத நம் பெரியவர் ஒருவர் அரச அலுவலகத்துக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போவது போலத்தான் இது. வேலை நடக்கும், ஆனால் நேரம் எடுக்கும். கூட வந்தவர் ஒருநாள் வராமல் விட்டால் அலுவல் அத்தோடு நின்றுவிடும்.

அப்பிள் நிறுவனம் இந்த மொழி மாற்றத்தை மூன்று தடவை செய்தது. 1984இல் வந்த மெக்கின்டொஷ் கணினியில் இருந்தது மோட்டோரோலாவின் 68000 புரொசசர். 1994 மார்ச்சில் அதைவிட்டு, ஐபிஎம், மோட்டோரோலாவோடு சேர்ந்து உருவாக்கிய பவர்பிசிக்கு மாறியது. பழைய புரோகிராம்களுக்கு உள்ளேயே ஒரு மொழிபெயர்ப்பாளரையும் வைத்தது. பழைய கணினி வைத்திருந்தவர்களுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. 1998இல் வந்த மெக் ஓஎஸ் 8.5தான் பவர்பிசி இல்லாத கணினிகளை ஏற்க மறுத்தது. புது புரொசசர் வந்த நாளுக்கும் பழையது வெளியே தள்ளப்பட்ட நாளுக்கும் இடையில் நான்கு வருடத்துக்கு மேல் இருந்தது.

இரண்டாவது மாற்றம்தான் நமக்குக் கூடப் பாடம் சொல்கிறது. பவர்பிசி வரிசையின் ஜி5 வேகமானது, ஆனால் சூடு தாங்க முடியாதது. அதை ஒரு லெப்டொப்புக்குள் வைக்க அப்பிளால் கடைசிவரை முடியவில்லை. 2005 ஜூன் 6ஆம் திகதி, இனி இன்டெல்லுக்குப் போகிறோம் என்று ஸ்டீவ் ஜொப்ஸ் மேடையில் அறிவித்தார். அதன் பிறகும் அந்த வருடம் ஒக்டோபரில் நான்கு கோர் கொண்ட பவர்மெக் ஜி5 ஒன்று விற்பனைக்கு வந்தது. விலை 3,299 டொலர். அந்த நேரம் அப்பிளிடம் இருந்த ஆகப் பலமான கணினி அது. 2009 ஓகஸ்ட்டில் வந்த ஸ்னோ லெப்பர்ட், இன்டெல் அல்லாத எல்லாக் கணினிகளையும் வெளியே விட்டது. அவ்வளவு காசு கொடுத்தவர்கள் நான்கு வருடம் முடிவதற்குள் அடுத்த பதிப்பைப் போட முடியாமல் நின்றார்கள். கணினி பழுதாகவில்லை, வேகமும் குறையவில்லை.

அப்படியானால் அவசரப்பட்டுப் புதியதை முதலில் வாங்கியவர்கள் தப்பினார்களா? அதுவும் இல்லை. 2006 ஜனவரியில் வந்த முதல் இன்டெல் மெக்புக் புரோவில் இருந்தது 32 பிட் கோர் டுவோ. அதே வருடம் ஒக்டோபரில், ஒன்பது மாதத்துக்குள், 64 பிட் கோர் 2 டுவோவோடு அடுத்தது வந்துவிட்டது. 2011 ஜூலையில் வந்த லயன், 32 பிட் கோர் டுவோவை ஏற்கவில்லை. பழையதன் கடைசியை வாங்கியவரும் புதியதன் முதலை வாங்கியவரும் இரண்டு பக்கத்தாலும் அடிபட்டார்கள். ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பாளரையும் அதே லயனில் அப்பிள் எடுத்துவிட்டது.

இதில் அச்சகத் தொழில் செய்பவர்கள் கவனிக்க ஒன்று இருக்கிறது. கல்யாண அட்டை, நோட்டீஸ், பாடசாலைச் சஞ்சிகை எல்லாம் ஒரு காலத்தில் பேஜ்மேக்கரில்தான் கட்டப்பட்டன. அதன் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001இல். மெக் கணினியில் அது பழைய ஓஎஸ் 9க்காக எழுதப்பட்டது. இன்டெல் மெக் அந்தப் பழைய புரோகிராம்களை முதல் நாளிலிருந்தே இயக்கவில்லை. பேஜ்மேக்கரை நம்பிச் சோறு தின்றவருக்குப் புதுக் கணினி எவ்வளவு வேகமாக இருந்தும் பயன் இல்லை. இன்றும் பாமினி எழுத்துருவிலும் பழைய புரோகிராமிலும் வருடக்கணக்கான வேலைகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், புதியது வாங்கினாலும் அவற்றை யுனிகோடுக்கு மாற்றி முடியும்வரை பழைய கணினியைக் கைவிடக்கூடாது.

மூன்றாவது மாற்றம் நம் கண் முன்னே நடந்தது. 2020 மார்ச்சில் இன்டெல் புரொசசரோடு ஒரு மெக்புக் எயார் வந்தது. அதே வருடம் நவம்பரில் அப்பிள் சொந்தமாக வடிவமைத்த எம்1 புரொசசரோடு இன்னொரு மெக்புக் எயார் வந்தது. இடைவெளி எட்டு மாதம்தான். 2025இல் வந்த மெக் ஓஎஸ் டாஹோ, மார்ச் கணினியை வெளியே விட்டுவிட்டு நவம்பர் கணினியை உள்ளே எடுத்தது. 2006இல் முதல் வாங்கியவர் நட்டப்பட்டார், 2020இல் முதல் வாங்கியவர் லாபப்பட்டார். எம்1 லெப்டொப்புக்குப் புதியது, ஆனால் அப்பிளுக்குப் புதியதல்ல. 2010இலிருந்து ஐபோனுக்காகச் சொந்த சிப் செய்து, 2013இலேயே அதை 64 பிட்டுக்குக் கொண்டுவந்து, பத்து வருடம் பழகிய கைதான் அதைச் செய்தது. "முதல் வருவதை வாங்காதே" என்பது எப்போதும் பலிக்கும் விதி அல்ல. புதியது என்று சொல்லப்படுவதற்குப் பின்னால் எத்தனை வருட வேலை இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் பக்கத்திலும் இதே வரலாறு உண்டு. 2001இல் இன்டெல் ஐட்டேனியம் என்ற 64 பிட் புரொசசரைக் கொண்டுவந்தது. அதில் பழைய புரோகிராம்கள் ஆமை வேகத்தில் ஓடின. 2003இல் ஏஎம்டி வேறு வழியில் போனது. பழைய மொழியை அழிக்காமல், அதையே 64 பிட்டுக்கு நீட்டியது. பழைய புரோகிராமும் ஓடியது, புதியதும் ஓடியது. அடுத்த வருடமே இன்டெல்லும் அந்த வழிக்கு வந்தது. இன்று நம் வீட்டு லெப்டொப்பில் இன்டெல் என்று ஒட்டியிருந்தாலும், உள்ளே இருப்பது ஏஎம்டி நீட்டிய அந்த மொழிதான்.

2012 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட், சர்ஃபேஸ் ஆர்டி என்ற கருவியை ஆர்ம் வகைப் புரொசசரோடு விட்டது. பார்க்க விண்டோஸ் போலவே இருந்தது, ஆனால் மக்களிடம் இருந்த விண்டோஸ் புரோகிராம்கள் எதுவும் அதில் ஓடவில்லை. மொழிபெயர்ப்பாளரே வைக்கப்படவில்லை. அடுத்த ஜூலையில் 90 கோடி டொலரை நட்டக் கணக்கில் எழுதினார்கள். இப்போதைய ஸ்நப்டிராகன் எக்ஸ் லெப்டொப்புகள் 2024 ஜூனில் வந்தன. அவையும் ஆர்ம் வகைதான், ஆனால் இம்முறை பிரிசம் என்ற மொழிபெயர்ப்பாளர் கூட இருக்கிறார். பெரும்பாலான புரோகிராம்கள் ஓடும். ஆனால் பிரிண்டர், ஸ்கேனர் போன்றவற்றை இயக்கும் டிரைவரை மட்டும் அவரால் மொழிபெயர்க்க முடியாது, அது ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் பழைய பிரிண்டர் இருந்தால் அதன் மொடலைக் கடையில் சொல்லிக் கேட்காமல் இந்த வகையை வாங்காதீர்கள்.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். வெளிநாட்டு விமர்சகர்கள் "இரண்டாம் தலைமுறை வரும்வரை பொறுங்கள்" என்பார்கள். அவர்களுக்கு டொலர் டொலராகவே இருக்கிறது. நமக்கு அப்படியல்ல. எம்1 மெக்புக் எயார் வந்தபோது விலை 999 டொலர், அன்றைய மாற்று விகிதம் சுமார் 185 ரூபா. வரியும் கடை லாபமும் சேர்க்காமல் ஒரு லட்சத்து 85 ஆயிரம் ரூபா. இரண்டாம் தலைமுறை எம்2 கடைக்கு வந்தது 2022 ஜூலையில், விலை 1,199 டொலர். அதற்கிடையில் மார்ச்சில் ரூபா விழத் தொடங்கி, டொலர் சுமார் 360 ரூபாவுக்கு வந்திருந்தது. கணக்குப் பார்த்தால் நான்கு லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். புத்திசாலித்தனமாகப் பொறுத்திருந்தவர் இருமடங்குக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது. விண்டோஸ் லெப்டொப்புக்கும் இதே கதைதான். 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த அந்த மார்ச் மாதத்தில், ஒரு லெப்டொப்பின் பற்றரி எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்பதும் புரொசசர் வேகத்தைவிடப் பெரிய விஷயமாகியது. ஆகவே நமக்கு இரண்டு கலண்டர்கள். ஒன்று புரொசசருடையது, மற்றது ரூபாவுடையது. ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது.

இன்னொன்றும் நடக்கிறது. விண்டோஸ் 11 வந்தது 2021 ஒக்டோபர் 5இல். இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை, சில விதிவிலக்குகள் தவிர, மைக்ரோசொப்ட் ஏற்கவில்லை. இதில் மொழி ஒன்றும் மாறவில்லை, கதவு மட்டும் மூடப்பட்டது. 2017 தொடக்கத்தில் புதிதாக வாங்கிய லெப்டொப்கூட வெளியே நின்றது. பணக்கார நாடுகளின் கம்பனிகள் இப்படிப்பட்டவற்றைக் கழிக்கும்போது, அவை பாவித்த லெப்டொப்புகளாக நம்மைப் போன்ற ஊர்களின் கடைகளுக்கு வருகின்றன. அங்கே முடிந்துபோன மாற்றத்தின் வால் இங்கேதான் வந்து விழுகிறது. பளபளப்பாகத் துடைத்து, புது பை ஒன்றோடு கொடுத்தால் நமக்கு வித்தியாசம் தெரியாது.

தெரிந்துகொள்ளும் வழி இலேசானது. லெப்டொப்பின் அமைப்புப் பக்கத்தில் புரொசசர் பெயரைப் பாருங்கள். கோர் ஐ5க்குப் பின்னால் 7200 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை. 1135 என்று தொடங்கினால் பதினோராம் தலைமுறை. "ஐ5" என்பதும் "ஐ7" என்பதும் வயதைச் சொல்லாது. ஏழாம் தலைமுறை ஐ7ஐ விட, பிள்ளையின் படிப்புக்கு எட்டாம் தலைமுறை ஐ5 கூடக் காலம் உழைக்கும்.

ஏற்கனவே பழைய லெப்டொப் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். விண்டோஸ் 10க்கு நீடித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்று 2026 ஒக்டோபர் 13 வரை இருக்கிறது. மைக்ரோசொப்ட் கணக்கோடு சேர்த்தால் காசில்லாமலும் பதியலாம். அதற்குப் பிறகு லினக்ஸ் இருக்கிறது. லினக்ஸ் 1991இல் ஒரு 386 கணினியில் பிறந்தது. 1985இல் வந்த அந்த 386ஐ அது கைவிட முடிவு செய்தது 2012 டிசம்பரில். 27 வருடம்! கட்டுரை எழுத, பாடம் பார்க்க, சூம் வகுப்புக்கு, நிரலாக்கம் பழக அது தாராளமாகப் போதும்.

இந்த முப்பது வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. எந்தக் கணினியும் புது புரொசசர் வந்த நாளில் சாகவில்லை. அதற்கு புரோகிராமும் பாதுகாப்பு அப்டேட்டும் கொடுப்பவர்கள் கைவிட்ட நாளில்தான் செத்தது. ஆகவே "புதுசா பழசா" என்று கேட்பதை விட்டுவிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். இந்த லெப்டொப்புக்கு அப்டேட் இன்னும் எத்தனை வருடம் வரும்? பிள்ளைக்கோ தொழிலுக்கோ தேவையான புரோகிராமும் வீட்டு பிரிண்டரும் இதில் ஓடுமா? இன்றைக்கே தேவையா, அல்லது இருப்பதை வைத்து உயர்தரப் பரீட்சை வரைக்கும் போகலாமா? மூன்றாவது கேள்விக்குப் "போகலாம்" என்பது பதிலானால் காசைக் கையில் வைத்திருங்கள். "இன்றைக்கே தேவை" என்பது பதிலானால் அடுத்த மொடல் வரட்டும் என்று இருக்காதீர்கள். அடுத்த மொடலோடு அடுத்த டொலர் விலையும் வரலாம்.

பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் கணினி அன்பளிப்புச் செய்யும் தனவந்தர்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒரு பணிவான வேண்டுகோள். அது அமானிதப் பணம். இருபது லெப்டொப் கொடுத்தோம் என்று படம் எடுப்பதை விட, ஐந்து வருடம் அப்டேட் வரும் பத்து லெப்டொப் கொடுப்பது பிள்ளைகளுக்குப் பயன். வாங்குவதற்கு முன் விஷயம் தெரிந்த ஒருவரோடு மஷூரா செய்யுங்கள். பில்லில் புரொசசர் இலக்கத்தை முழுதாக எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் அதற்குத் தயங்கமாட்டார்.

இந்தக் கிழமை யாராவது லெப்டொப் வாங்கப் போவதாக இருந்தால், காசைக் கொடுக்க முன் அந்த இலக்கத்தை இங்கே எழுதுங்கள். நம் ஊரில் விஷயம் தெரிந்த தம்பிமார், தங்கச்சிமார் நிறையப் பேர் இருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ் பதில் சொல்வார்கள்.

வஸ்ஸலாம்.